வெக்கை தேங்கும் வீடுகள்

வட சென்னையிலுள்ள கொடுங்கையூரின் பழைய வீடுகளில் கோடை இரவைத் தூக்கமில்லா இரவாக்குவது பெரும்பாலும் தலைக்கு மேலிருக்கும் தளமே. அதைச் சரிசெய்யும் வழிகள் பலகாலமாகத் தெரிந்தவை. ஆயினும் சட்டங்களும் திட்டங்களும் இந்தக் கூரைகளை இன்னும் எட்டவில்லை.

வீட்டுக்கு வெப்பக்காப்பு என்றதும் உதகமண்டலமும் கொடைக்கானலும், அவற்றுக்கு அப்பால் பனி பொழியும் ஐரோப்பிய ஊர்களும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் வெப்பக்காப்பு என்பது வெப்பம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கடப்பதைக் குறைக்கும் ஏற்பாடே ஆதலால், குளிர் ஊரில் அடுப்பும் கணப்பும் தந்த சூட்டை வெளியே விடாமல் காக்கும் அதே பொருள், சென்னையில் வெளியே கொளுத்தும் வெயிலை உள்ளே விடாமல் தடுக்கவும் வல்லது. இந்திய தேசியக் கட்டட விதித்தொகுப்பு சென்னையை வெம்மையும் ஈரப்பதமும் மிக்க மண்டலத்தில் வைக்கிறது. இத்தகைய மண்டலத்தில் வியர்வை எளிதில் உலராது. இரவும் போதிய அளவு குளிராது. மே மாதத்தில் சென்னையின் சராசரிக் குறைந்தபட்ச வெப்பநிலையே 28 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கிறது. 2003ஆம் ஆண்டு மே மாத இறுதியில் நகரின் வெப்பநிலை 45 டிகிரியைத் தொட்டது. ஆனால் இவை யாவும் நிழலில் வைக்கப்பட்ட வெப்பமானி காட்டும் அளவுகள். தளத்துக்குக் கீழே பாய் விரித்துப் படுப்பவரின் உடல் உணரும் வெப்பம் வேறு. அந்த வேறுபாட்டை உண்டாக்குவது கூரை.

கூரை வழியே இறங்கும் சூடு

ஏறத்தாழ 13 டிகிரி வட அகலாங்கில் அமைந்த சென்னையில் ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அந்த நாட்களிலும் அவற்றை ஒட்டிய வாரங்களிலும் நண்பகல் வெயில் சுவரின் மீது ஏறக்குறைய விழுவதில்லை. கிடைமட்டமான கூரையின் மீதுதான் சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட் என்ற முழு வலிமையோடு விழுகிறது. கொடுங்கையூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை போன்ற பகுதிகளில் வீடுகள் பக்கச் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பதால், வெயிலை நேரே எதிர்கொள்ளும் முகமாக எஞ்சுவதும் கூரை ஒன்றே. ஆகவே குளிர் நாடுகளில் சுவர், ஜன்னல், தரை என்று பல இடங்களில் பகிர்ந்து செய்யப்படும் வெப்பக்காப்புப் பணி, இங்கே முதன்மையாகக் கூரையில் செய்யவேண்டிய பணியாகச் சுருங்குகிறது; இது செலவைக் கணக்கிடுவோருக்கு நல்ல செய்தி.

ஒரு கூரை எவ்வளவு வெப்பத்தைக் கடத்துகிறது என்பதைப் பொறியாளர்கள் யு-மதிப்பு என்னும் அளவால் குறிக்கின்றனர். வெளியிலும் உள்ளேயும் ஒரு டிகிரி வேறுபாடு இருக்கும்போது ஒரு சதுர மீட்டர் பரப்பு எத்தனை வாட் வெப்பத்தைக் கடத்துகிறது என்பதே அதன் பொருள். எண் குறையக் குறையக் காப்பு சிறக்கிறது. ஆறு அங்குலக் கான்கிரீட் தளத்தின் யு-மதிப்பு 3-க்கும் மேல். வெயிலில் காய்ந்த தளத்தின் மேற்பரப்பு அறைக் காற்றைவிட 20 டிகிரி கூடுதலாகச் சூடேறியிருக்கும் நிலையில், நூறு சதுர அடி அறையொன்றின் கூரை வழியே மட்டும் சுமார் 700 வாட் வெப்பம் இறங்குகிறது என்று கணக்கிடலாம். இது துணி தேய்க்கும் மின்பெட்டி ஒன்றை அறைக்குள் தொடர்ந்து சூடாக வைத்திருப்பதற்கு நிகர். அதே தளத்தின் மேல் ஓர் அங்குலத் தடிமனுள்ள காப்புப் பலகையைப் பதித்தால் இந்த அளவு 200 வாட்டுக்குள் அடங்கிவிடுகிறது.

கான்கிரீட்டுக்கு இன்னொரு இயல்பும் உண்டு. அது வெப்பத்தை உடனே கடத்தாமல் தன் நிறையில் தேக்கிவைத்துச் சில மணி நேரம் கழித்தே உள்ளே விடுவதால், நண்பகலில் வாங்கிய சூடு மாலையிலும் முன்னிரவிலும் அறைக்குள் இறங்குகிறது. கடற்காற்று வந்து தெரு குளிர்ந்த பிறகும் வீடு குளிராததற்கு இதுவே காரணம். சூடேறிய தளம் காற்றைச் சுடுவதோடு நில்லாமல், கதிர்வீச்சாகவும் கீழே இருப்பவரின் உடலை நேரே சுடுகிறது. மின்விசிறியைப் போட்டால் அனல்தான் இறங்குகிறது என்று மேல்மாடியில் குடியிருப்போர் சொல்வது மிகையன்று. கூரையை ஒட்டித் தேங்கிய சூடான காற்றைத்தான் விசிறி முதலில் கீழே தள்ளுகிறது.

பழைய தளம் அறிந்திருந்தது

இந்த இயற்பியலைச் சூத்திரமாக எழுதிவைக்காமலே கைப்பழக்கமாக அறிந்திருந்த கட்டுமான மரபு சென்னைக்கு உண்டு. இராயபுரத்திலும் ஜார்ஜ் டவுனிலும் இன்றும் எஞ்சியிருக்கும் பழைய வீடுகளின் மேல்தளம் ‘மெட்ராஸ் டெரஸ்’ என்று ஊர்ப்பெயராலேயே வழங்குவது. நெருக்கமாக வைத்த மரக்கட்டைகளின் மேல் சிறிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் விளிம்பு கீழாக, மூலைவாட்டில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைப் பல அங்குலம் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்தபடி, பெண்கள் வரிசையாக அமர்ந்து மரக்கட்டையால் நாட்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். கடைசியாகச் சுட்ட மண்ணாலான தட்டோடுகள் அடுக்கடுக்காகப் பதிக்கப்படும். செங்கல்லும் சுண்ணாம்புக் கலவையும் கான்கிரீட்டைவிட வெப்பத்தைக் குறைவாகக் கடத்துபவை. மொத்தத் தடிமனும் அதிகம். அறையின் உயரமும் கூடுதல். ஆகவே பகல் வெப்பம் உட்பரப்பை எட்டுவதற்குள் அதன் வேகம் பெரிதும் அடங்கிவிடும்.

கான்கிரீட் வந்தபோது இந்த அறிவு முற்றிலும் கைவிடப்படவில்லை. தளத்தின் மேல் செங்கல் ஜல்லியைச் சுண்ணாம்போடு கலந்து பரப்பித் தட்டோடு பதிக்கும் முறை, கொத்தனார்கள் ‘சுருக்கி’ என்று சொல்லும் காப்படுக்காகத் தொடர்ந்தது. தமிழ்நாடு பொதுப்பணித் துறையின் வழமையான விவரக்குறிப்பு 32 பங்கு ஜல்லிக்கு 12½ பங்கு நீற்றிய சுண்ணாம்பு என்ற விகிதத்தைச் சொல்கிறது. மூன்று அங்குலச் சுருக்கி தளத்தின் யு-மதிப்பை 2.5 அளவுக்குக் குறைக்கும். மழைநீர் வடிவதற்கான வாட்டத்தையும் தரும். ஆனால் சுண்ணாம்புக் கலவையை ஊறவைக்கவும் அடிக்கவும் ஆளும் நாளும் தேவைப்பட்டதால், சிக்கனமாகக் கட்டப்பட்ட வீடுகளில் முதலில் விடுபட்டதும் இந்த அடுக்குத்தான். மேலே இன்னொரு மாடி எழும்பும் என்ற எதிர்பார்ப்பில், தூண் கம்பிகளை வானம் நோக்கி நிற்கவிட்டு, வெறும் தளத்தோடு பல ஆண்டுகள் கிடக்கும் வீடுகள் வடசென்னையில் ஏராளம்.

கொடுங்கையூர் வீட்டின் வளர்ச்சி

உலக வங்கியின் உதவியோடு 1977இல் தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம், முழுமையான வீட்டைக் கட்டித் தருவதற்குப் பதிலாக, சாலை, குடிநீர், கழிவுநீர் இணைப்புகளோடு கூடிய சிறு மனைகளைக் குறைந்த வருவாயினருக்கு ஒதுக்கி, வீட்டை அவரவர் வசதிக்கேற்பப் படிப்படியாகக் கட்டிக்கொள்ள விடும் முறையைக் கையாண்டது. அத்திட்டத்தில் கொடுங்கையூரும் இடம்பெற்றது. இம்முறையால் விளைந்த நன்மை பெரிது. கூலித் தொழிலாளரும் சிறு ஊழியரும் நகரில் சொந்த மனை பெற்றனர். ஆனால் படிப்படியாக வளரும் வீட்டில் எந்தக் கட்டத்திலும் ‘கடைசிக் கூரை’ என்று ஒன்று அமைவதில்லை. தரைத்தளம் கான்கிரீட், அதன்மேல் பிள்ளைகளின் திருமணத்துக்குப் பின் எழுந்த மாடி, அதற்கும் மேல் வாடகைக்காக எழுப்பிய ஒற்றை அறைக்குக் கல்நார் ஷீட் என்று வளர்ந்த வீட்டில், ஒவ்வொரு கூரையும் தற்காலிகமானதாகவே கருதப்பட்டதால் எதற்கும் காப்பு செய்யப்படவில்லை.

ஷீட் வீட்டின் நிலை இன்னும் கடுமையானது. வட சென்னையின் குடிசைப் பகுதிகளில் கோடைதோறும் நேர்ந்த தீ விபத்துகளிலிருந்து தப்பவே மக்கள் தென்னங்கீற்றை விட்டு ஷீட்டுக்கு மாறினர். கீற்று நெருப்புக்கு இரையாகும், ஆனால் வெக்கையைத் தடுக்கும். ஆறு மில்லிமீட்டர்த் தடிமனுள்ள சிமென்ட் கல்நார் ஷீட் எளிதில் தீப்பற்றாது, ஆனால் வெயிலை நிமிடங்களில் உள்ளே கடத்திவிடும். உயிருக்கு அஞ்சி எடுத்த சரியான முடிவே வேறொரு துன்பத்தைக் கூரையேற்றியது. இதற்கு அந்த மக்களைக் குறைசொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

திறக்க முடியாத ஜன்னல்

வெம்மையும் ஈரமும் மிகுந்த ஊர்களில் வீட்டைக் குளிர்விக்கக் கட்டடக் கலைஞர்கள் சொல்லும் முதல் அறிவுரை குறுக்குக் காற்றோட்டம்: எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, மாலைக் கடற்காற்றையும் இரவுக் காற்றையும் வீட்டுக்குள் ஓடவிட்டு, பகலில் சுவரும் தளமும் தேக்கிய சூட்டை வெளியேற்றுவது. பொதுவாகச் சரியான இந்த அறிவுரை கொடுங்கையூரில் வந்து தடுமாறுகிறது. சுமார் 343 ஏக்கரில் பரந்து, நகரின் குப்பையை நாற்பது ஆண்டுகளாக வாங்கிவரும் கிடங்கும், அதனருகே கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமும், கேப்டன் காட்டன் கால்வாயும் கொடுங்கையூர்க் கால்வாயும் சூழ்ந்த ஒரு பகுதியில், துர்நாற்றம், ஈ, கொசு, லாரிகள் கிளப்பும் புழுதி, குப்பைமேடு தீப்பிடிக்கும் நாட்களில் எழும் புகை ஆகியவற்றுக்கு அஞ்சி ஜன்னலைச் சாத்திவைப்பதே அன்றாட வழக்கம். இரவுக் காற்று வெளியேற்றியிருக்க வேண்டிய சூடு வீட்டுக்குள்ளேயே தேங்குகிறது. மறுநாள் வெயில் அதன்மேல் வந்து சேர்கிறது.

ஆகவே கொடுங்கையூரில் கூரைக் காப்பு என்பது வசதியைக் கூட்டும் கூடுதல் ஏற்பாடாக இல்லாமல், மாசு பறித்துக்கொண்ட காற்றோட்டத்துக்கு ஈடாகக் கிடைக்கவேண்டிய குறைந்தபட்ச நியாயமாக மாறுகிறது. வெளியேற்ற வழியில்லாத வெப்பத்தை உள்ளே வரவிடாமல் தடுப்பது ஒன்றே எஞ்சியிருக்கும் வழி. குப்பைக் கிடங்கைச் சீரமைக்கும் பணியும் வீட்டு வெக்கையைத் தணிக்கும் பணியும் வெவ்வேறு துறைகளின் கோப்புகளில் இருக்கலாம். வீட்டுக்குள் இருப்பவருக்கு அவை இரண்டும் ஒரே பிரச்சினை.

கான்கிரீட் தளத்துக்கு

வெப்பக்காப்பைத் தளத்தின் மேலே செய்வதா, கீழே செய்வதா என்பது முதல் கேள்வி. கீழே பொய்க்கூரை அமைத்தால் அறையில் இருப்பவர் உடனடிப் பயன் பெறுவார். ஆனால் தளம் முன்போலவே வெயிலில் விரிந்தும் இரவில் சுருங்கியும் வெடிப்பு காணும். மேலே செய்தால் தளமே வெயிலிலிருந்து காக்கப்படும், அதன் பெரும் நிறை அறையின் பக்கம் குளிர்ச்சியாக நிற்கும், வெடிப்பும் குறையும். ஆகவே இயன்ற இடங்களிலெல்லாம் மேலே செய்வதே சிறந்தது.

எளிய வழி வெண்மை. புதிதாக அடித்த வெள்ளைப் பூச்சு தன்மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுவதால் தளம் சூடேறுவதே குறைகிறது. கடைகளில் ‘கூலிங் பெயின்ட்’ என்று கிடைக்கும் பூச்சு சில ஆண்டுகள் உழைக்கும். பசை சேர்த்த சுண்ணாம்பு ஒரு கோடைக்கு உழைத்து வடகிழக்குப் பருவமழையில் கரையும், ஆனால் செலவு மிகக் குறைவு. வெள்ளைத் தட்டோடுகளான ‘கூலிங் டைல்ஸ்’ இவற்றைவிட நீண்டகாலம் நிலைக்கும். எதுவானாலும் மாசி முடிவதற்குள் செய்துவிட வேண்டும். கத்திரி வெயில் தொடங்கிய பிறகு அடிக்கும் வெள்ளை பாதிக் கோடையை இழந்துவிடுகிறது.

வட சென்னையில் வெண்மைக்கு ஒரு பகைவன் உண்டு: தூசு. துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாளப்பட்ட காலத்தில் இராயபுரம் வீடுகளின் மேல் கரித்தூள் படிந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைக்குப் பின் 2011இல் அச்சரக்குகள் எண்ணூர்த் துறைமுகத்துக்கு மாற்றப்பட்டன. இன்றும் ஆலைகளும் அனல்மின் நிலையங்களும் கன்டெய்னர் லாரிகளும் நிறைந்த இந்த வட்டாரத்தில் படியும் தூசு வெள்ளைக் கூரையைச் சில மாதங்களில் சாம்பல் நிறமாக்கி அதன் பயனைக் குறைத்துவிடும். ஆகவே கோடைக்கு நடுவே ஒருமுறையாவது கூரையைக் கழுவுவது பூச்சு அடிப்பதற்கு இணையான முக்கியத்துவம் உடையது.

கூடுதல் செலவு செய்ய இயன்றவர்கள், நீர்க்காப்புப் பூச்சின் மேல் ஓர் அங்குலம் அல்லது அதற்கு மேல் தடிமனுள்ள அழுத்தப்பட்ட நுரைப் பலகையைப் பதித்து, அதன்மேல் வாட்டம் கொடுத்துச் சாந்தும் வெள்ளை ஓடும் போடலாம். மேலே நிழல் வலையோ சூரிய மின்பலகையோ இடைவெளி விட்டு நிறுவுவதும் நல்ல காப்பு. எதைச் செய்வதற்கு முன்பும் தளத்தின் உடல்நிலையைப் பார்க்கவேண்டும்: கடலோர உப்புக்காற்றும் உவர்நீரும் பட்ட பழைய தளங்களில் கம்பி துருப்பிடித்து, கான்கிரீட் பெயர்ந்து விழுவது பரவலாகக் காணப்படுவது. கசியும் தளத்தின் மேல் காப்பைப் பதிப்பது ஈரத்தை உள்ளே பூட்டிவைப்பதற்குச் சமம். துருப்பிடித்த தளத்தின் மேல் மண்தொட்டித் தோட்டமோ கனமான ஓடோ ஏற்றுவது ஆபத்து.

ஷீட் கூரைக்கு

கல்நார் ஷீட்டுக்கு வெள்ளைப் பூச்சு உடனடிப் பயன் தருகிறது. ஆனால் அதை அணுகும் முறையில் கவனம் தேவை. எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் விளைவிப்பது என்று உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்தியுள்ளது. நோய்க்குக் காரணம் உடையும்போதும் தேயும்போதும் காற்றில் பறக்கும் நுண்ணிழைகள். எனவே பழைய ஷீட்டைக் கம்பிப் பிரஷ்ஷால் உலர்ச்சுரண்டல் செய்யாமல், நீர் தெளித்து மென்மையான துடைப்பத்தால் கழுவி, காயவிட்டு, அதன்பின் பூசவேண்டும். சரியாகப் பூசப்பட்ட பூச்சு வெயிலைத் திருப்புவதோடு இழைகளையும் கட்டிவைக்கிறது. வெயிலில் நைந்த ஷீட் மனித எடையைத் தாங்காது. மேலேறுபவர் கீழுள்ள இரும்புச் சட்டத்தை ஒட்டிய போல்ட் வரிசையின் மேல் பலகை போட்டு, அதன்மீது மட்டுமே நிற்கவேண்டும்.

ஷீட்டுக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டுப் பலகைக் கூரை அமைத்து, அந்த இடைவெளியின் இரு முனையிலும் காற்று வெளியேறத் திறப்பு வைத்தால் பலன் இரட்டிப்பாகும். மலிவாகக் கிடைக்கும் தெர்மாகோலை வெறுமனே ஒட்டும் பழக்கம் பரவியிருக்கிறது. அது எளிதில் தீப்பற்றி நச்சுப்புகை கக்குவது. ஒரே அறையில் காஸ் அடுப்பும் படுக்கையும் இருக்கும் வீட்டில் அதைத் தவிர்ப்பதே அறிவுடைமை. ஜிப்சம் அல்லது சிமென்ட் நார்ப் பலகை பாதுகாப்பானது.

யாருடைய கூரை?

தொழில்நுட்பம் இவ்வளவு எளிதாக இருந்தும் கூரைகள் ஏன் வெறுமையாகக் கிடக்கின்றன என்ற கேள்விக்கு விடை உரிமையில் இருக்கிறது. மேல்மாடி ஷீட் அறையில் வெந்துகிடப்பவர் பெரும்பாலும் வாடகைக்கு இருப்பவர்; கூரையோ வீட்டு உரிமையாளருடையது. செலவு ஒருவருக்கு, பயன் மற்றொருவருக்கு. 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் கட்டமைப்புப் பழுதுகளை உரிமையாளரின் பொறுப்பில் வைக்கிறது. ஆனால் தாங்க முடியாத வெப்பம் ஒரு பழுதாக எண்ணப்படுவதில்லை. உப மீட்டரில் யூனிட்டுக்கு உரிமையாளர் சொல்லும் விலையைக் கட்டும் வாடகைதாரருக்கு ஏ.சி.யும் தீர்வாகாது, ஏ.சி. வெளியே தள்ளும் சூடு குறுகிய சந்தில் அடுத்த வீட்டின் ஜன்னலில் போய் மோதுகிறது.

கட்டட விதிகளும் இந்த வீட்டைத் தாண்டிச் செல்கின்றன. 2018இல் மத்திய அரசு வெளியிட்ட ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்னும் குடியிருப்பு எரிசக்தி விதித்தொகுப்பு, கூரையின் யு-மதிப்பு 1.2-ஐத் தாண்டக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. ஆனால் அது 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் எழும் புதிய கட்டடங்களுக்கானது. தெலங்கானா 2023இல் கொண்டுவந்த குளிர்கூரைக் கொள்கை முன்னோடியானது. 300 சதுர கிலோமீட்டர்க் கூரையைக் குளிர்விக்கும் இலக்கு கொண்டது. ஆயினும் அங்கும் 600 சதுர கஜத்துக்குக் குறைந்த மனைகளின் வீடுகளுக்குக் கட்டாயம் இல்லை. சிறிய, பழைய, காப்பற்ற வீடு எந்த விதியின் வரம்பிலும் சேரவில்லை. வெப்பத்தால் மிகுதியாகத் துன்புறுவது அதுவே.

அகமதாபாத் நகரம் வேறொரு பாடம் கற்பிக்கிறது. 2010 மே மாத வெப்ப அலையின்போது அங்கே வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தனர் என்று ஆய்வு கணக்கிட்டது. அதன் விளைவாக 2013இல் தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டம் பிறந்தது. பின்னர் அதன் ஓர் அங்கமாகவே குடிசைப் பகுதிகளின் கூரைகளுக்கு வெள்ளைப் பூச்சு அடிக்கப்பட்டது. கூரையைக் கட்டடத் துறையின் விவகாரமாக விட்டுவிடாமல் உயிர்காப்பு நடவடிக்கையாகக் கண்டதே அத்திட்டத்தின் சிறப்பு.

தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்போரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் அளிக்க முன்வந்தது. துயருற்றவருக்குக் கைகொடுக்கும் இந்த முடிவு வரவேற்கத்தக்கது. ஆனால் ஓர் உயிர் போனபின் வழங்கும் அத்தொகையைக் கொண்டு எத்தனையோ ஷீட் வீடுகளுக்கு முன்கூட்டியே வெள்ளை பூசிவிடலாம் என்பதும் அரசு எண்ணிப்பார்க்க வேண்டிய கணக்கே. 2023இல் மாநகராட்சி வெளியிட்ட சென்னைக் காலநிலைச் செயல்திட்டம் வெப்பத்தை நகரின் முக்கிய இடராக ஏற்றிருக்கும்போது, தண்டையார்பேட்டை மண்டலத்தில் வார்டு வாரியாக ஷீட் கூரைகளையும் வெறும் தளங்களையும் கணக்கெடுப்பதும், ஆண்டுதோறும் பங்குனி பிறப்பதற்குள் அவற்றுக்கு வெள்ளை பூசுவதும், அப்பணியை அந்தந்தத் தெருவின் மகளிர் சுய உதவிக் குழுக்களிடம் பாதுகாப்புப் பயிற்சியோடும் கூலியோடும் ஒப்படைப்பதும் மாநகராட்சியின் கைக்கு எட்டாத காரியங்கள் அல்ல. வாடகை வீட்டின் கூரைக்கு அரசு உதவும்போது, குறிப்பிட்ட காலம்வரை வாடகை உயர்த்தப்படாது என்ற நிபந்தனையை உரிமையாளரிடம் எழுதி வாங்கிக்கொள்வதும் அவசியம்; இல்லையெனில் குளிர்ந்த கூரை, அங்கே குடியிருந்தவரை வெளியேற்றும் காரணமாகிவிடும்.

நகரத்தின் குப்பையையும், மின்சாரத்துக்கான சாம்பலையும், எண்ணெய் ஆலையின் புகையையும் அரை நூற்றாண்டாகச் சுமந்துவரும் வடசென்னை, அதற்கு ஈடாகக் கேட்டுப் பெற்றது மிகக் குறைவு. சாலைக்கும் குடிநீருக்கும் செலவிடுவதைப் போலவே ஏழை வீட்டின் கூரைக்கும் பொதுப்பணத்தைச் செலவிடுவது நகரத்தின் கடமை என்று மாநகராட்சி மன்றம் ஏற்குமானால், அதற்கான முதல் நிதி ஒதுக்கீட்டைக் கொடுங்கையூரிலிருந்து தொடங்குவதே முறை.